மீதி நேரில்

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழிக்கத்தான் வேண்டும். கிழிப்பதற்கு முன் ஒரு தடவையாவது கண் ஓடும் என்று நம்பி எழுதுகிறேன்.

உன் மனைவி போன வாரம் ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். லிஃப்ட் கம்பெனியில் நீ சேர்ந்து இருபத்தைந்து வருடம் ஆனதற்காக மேலதிகாரி உனக்குக் கைக்கடிகாரம் கொடுக்கிற படம். சந்தோஷமாகத்தான் பார்த்தேன். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். கடிகாரம் வாங்குகிற ஆள் யார் என்று ஒரு நிமிடம் புரியவில்லை. முகம் தட்டு மாதிரி வட்டமாகியிருக்கிறது. கன்னம் இரண்டும் சிவந்திருக்கின்றன. பின்கழுத்தில் ஒரு திண்டு வைத்துத் தைத்ததுபோல் சதை. வயிறு சட்டையைத் தள்ளுகிறது. ஆனால் கை மட்டும் குச்சி. கடிகாரப் பட்டைக்கு மேலே கருநீலமாக ஒரு திட்டு.

நன்றாகச் சாப்பிட்டுக் குண்டானவனுக்குக் கையும் சேர்ந்து குண்டாகும். இது அது இல்லை. ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருடம் ஊசியோடு உட்கார்ந்திருந்தவள் நான். வந்தவர்களின் நரம்பை மட்டும் பார்க்கவில்லை, முகத்தையும் பார்த்தேன். இந்த முகத்தை எனக்குத் தெரியும். நீ ஏதோ மாத்திரை விழுங்குகிறாய். பேர் என்ன? எத்தனை வருடமாக? யார் எழுதிக் கொடுத்தது?

உன் மனைவிமேல் குற்றம் இல்லை. தினமும் பார்க்கிற முகம் மாறுவது யாருக்கும் தெரியாது. இரண்டு வருடம் நான்கு மாதம் உன்னைப் பார்க்காமல் இருந்ததால் எனக்குத் தெரிகிறது. நம் சண்டையில் கிடைத்த ஒரே லாபம் இதுதான் போலிருக்கிறது.

இன்னொன்று. அம்மா போன பிறகு அவளுடைய அறையைக் காலி செய்த அன்று அலமாரி இழுப்பறையை உருவி வாசலில் எறிந்தாய். ரத்தம் எடுக்கிற வேலைக்குப் போன நாளிலிருந்து நீ என்னைக் கொசு என்றுதான் கேலி செய்வாய், நானும் சிரிப்பேன். அன்று எல்லார் முன்னாலும், “போ கொசு, போ. இனிமே இந்த வாசப்படி ஏறாத” என்றாய். அதில் கேலி இல்லை. அந்த மாத்திரை கண்மண் தெரியாத கோபத்தையும் கொண்டுவரும். அன்று கத்தியது நீயா அதுவா என்று படத்தைப் பார்த்ததிலிருந்து யோசிக்கிறேன்.

இரண்டு வரி போதும். பதில் போடு.

அக்கா


ஜனவரி 21

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை.

மாத்திரை உண்மைதான். சின்னது, வெள்ளை, நாக்கில் பட்டால் கசக்கும். ஸ்டீராய்டு என்று அட்டையில் இருப்பதை நானும் படித்திருக்கிறேன். லிஃப்ட் ஓடுகிற கூண்டுக்கு மேலே எத்தனை வருடத் தூசி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. அதில் வேலை செய்து செய்து எனக்கு மூச்சிரைப்பு வந்தது. மூன்று மாடி ஏறினால் விசில் மாதிரி சத்தம் வரும். முதல் தடவை டாக்டர்தான் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்தார். ஆறாவது நாள் மறுபடி விசில். மருந்துக்கடைக்காரர் அந்தப் பழைய சீட்டைப் பார்த்தே இன்னொரு அட்டை கொடுத்தார். அப்படியே ஆறு வருடம் ஓடிவிட்டது. காலையில் இரண்டு, தூசி அதிகமான நாளில் மூன்று. அதைப் போட்டுக்கொண்டுதான் நான் ஏணி ஏறுகிறேன், சம்பளம் வாங்குகிறேன். முகம் வட்டமானால் ஆகட்டும். சதுரமாகத்தான் இருக்க வேண்டும் என்று கம்பெனியில் யாரும் சொல்லவில்லை.

கோபத்தைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மாத்திரையால் வந்த கோபம் என்று சொல்லி அதையும் என்னிடமிருந்து பிடுங்க வேண்டாம். அது என்னுடையது. எனக்குக் காரணம் இருந்தது.

அம்மா கடைசி ஒன்பது வாரம் என் வீட்டில் கிடந்தாள். நீங்கள் லீவு போட்டுவிட்டு ஊசிப் பையோடு வந்தீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் அவளைக் குத்தினீர்கள். முழங்கையில் நரம்பு கிடைக்காமல் புறங்கையில், புறங்கையிலும் கிடைக்காமல் காலில். “வேணாம்மா, விடும்மா” என்று அவள் சொன்னது எனக்குக் கூடத்தில் கேட்டது. உங்களுக்குப் பக்கத்திலேயே கேட்காமல் போயிற்றா? அவளைக் குளிப்பாட்டிப் படுக்க வைத்தபோது இரண்டு கையும் கறுத்துப் போயிருந்தன. அதைப் பார்த்தவன் நான்.

இதற்கு எந்த மாத்திரையும் காரணம் இல்லை.

இப்படிக்கு


பிப்ரவரி 3

தம்பி,

என்றைக்கு நான் உனக்கு ‘நீங்கள்’ ஆனேன்? திட்டுவதென்றால் நீ என்றே திட்டு. காதுக்குப் பழக்கம்.

அம்மாவைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. எழுதியதில் பொய் இல்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

மாத்திரைக்கு வருகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படி.

உடம்பில் சில சுரப்பிகளுக்குக் குழாய் உண்டு. எச்சில் சுரப்பி குழாய் வழியாக வாயில் கொண்டுவந்து ஊற்றும். வேறு சிலவற்றுக்குக் குழாயே கிடையாது. சுரந்ததை நேரே ரத்தத்தில் விட்டுவிடும். ரத்தம் எல்லா இடத்துக்கும் போகும், ஆனால் யாருக்கு அந்தச் செய்தியோ அந்த உறுப்பு மட்டும் அதை எடுத்துக்கொள்ளும். அந்தச் செய்திக்குத்தான் ஹார்மோன் என்று பெயர். அளவு ரொம்பக் கொஞ்சம். நான் எடுக்கிற ஒரு குழாய் ரத்தத்தில் அது இருப்பது மெஷினுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அது இல்லையென்றால் ஆள் எழுந்து உட்கார முடியாது.

இரண்டு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி போட்டதுபோல் ஒரு சுரப்பி இருக்கிறது, அட்ரீனல். அது கொடுப்பது கார்டிசால். விடியும்போது ஏறி, பொழுது சாயும்போது இறங்கும். அதனால் அந்தப் பரிசோதனைக்கு மட்டும் காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுப்போம். ஒன்பதரைக்கு ஆடி அசைந்து வந்தவர்களைத் திருப்பி அனுப்பி நான் வாங்காத திட்டு இல்லை. காய்ச்சல் வந்தாலோ அடிபட்டாலோ அது இன்னும் அதிகமாகச் சுரந்து, ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிக்கும்.

அட்ரீனல் தானாக வேலை செய்யாது. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒன்று இருக்கிறது. அது கூப்பிட வேண்டும். உன் தொழிலிலேயே சொல்கிறேன். மாடியில் ஒருவர் பட்டனை அழுத்துகிறார், விளக்கு எரிகிறது, மோட்டார் ஓடுகிறது, லிஃப்ட் வந்து நிற்கிறது. வந்ததும் விளக்கு அணைந்துவிடுகிறது அல்லவா? வந்துவிட்டது, இனிக் கூப்பிட வேண்டாம் என்று அர்த்தம். பிட்யூட்டரியும் அப்படித்தான். ரத்தத்தில் கார்டிசால் குறைந்தால் பட்டனை அழுத்தும். போதுமான அளவு வந்ததும் கையை எடுத்துவிடும்.

உன் மாத்திரை கார்டிசாலைப் போலவே வேலை செய்கிற ஒன்று. மூச்சுக்குழாயின் வீக்கத்தை அது அடக்குவதால்தான் விசில் நிற்கிறது. ஆனால் நீ காலையில் இரண்டு போட்டவுடன் ரத்தம் முழுக்க அதுதான். மேலே இருக்கிற பிட்யூட்டரி எட்டிப் பார்க்கிறது. லிஃப்ட் எப்போது பார்த்தாலும் வாசலிலேயே நிற்கிறது. எதற்குப் பட்டனை அழுத்த வேண்டும்? அழுத்துவதை மறந்துவிட்டது. ஆறு வருடமாக யாரும் கூப்பிடாததால் கீழே இருக்கிற மோட்டாரும், அதாவது அட்ரீனலும், சுருங்கிப் படுத்துவிட்டது.

பயப்படாதே, அது செத்துவிடவில்லை. தூங்குகிறது. எழுப்பலாம். எப்படி எழுப்ப வேண்டும் என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை நீ இங்கே வரும்போது சொல்கிறேன். எனக்குத் தெரிந்த டாக்டர் ஒருவர் இருக்கிறார், உட்கார வைத்துப் பொறுமையாகப் பேசுவார். உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறையைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

மீதி நேரில்.

அக்கா


பிப்ரவரி 14

கொசு அக்காவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இவளுக்கும் படித்துக் காட்டினேன். “இத்தனை டாக்டர்கிட்ட போனோம், ஒருத்தராவது இப்படிச் சொன்னாங்களா?” என்றாள். ஸ்கூலில் எனக்குப் பாடம் எடுத்தவர்கள் எல்லாரும் லிஃப்ட் வைத்துச் சொல்லியிருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

ஆனால் உன் உதாரணத்தில் இரண்டு தப்பு. ஒன்று, மோட்டார் கீழே இல்லை. நாங்கள் பார்க்கிற கட்டடங்களில் உச்சியில் ஒரு சின்ன அறையில் இருக்கும். அங்கே இரும்பு ஏணியில் ஏறித்தான் போக வேண்டும். இரண்டாவது, நீ சொல்கிற நிலைமைக்கு எங்களிடம் சரியான பெயரே இருக்கிறது. ‘இன்ஸ்பெக்‌ஷன்.’ நாங்கள் கூண்டின் தலையில் ஏறி நின்று ஒரு சுவிட்சை அந்தப் பக்கம் திருப்புவோம். அதற்குப் பிறகு எந்த மாடியில் யார் பட்டனை அழுத்தினாலும் லிஃப்ட் காதில் வாங்காது. என் கைதான் அதை ஓட்டும். என் மாத்திரை அந்தக் கை. ஆறு வருடமாக நான் இன்ஸ்பெக்‌ஷனில் நிற்கிறேன். புரிந்துவிட்டது.

வேலை முடிந்தால் என்ன செய்வோம்? சுவிட்சை நார்மலுக்குத் திருப்பிவிட்டு இறங்குவோம். அடுத்த நிமிடமே எந்த மாடியில் கூப்பிட்டாலும் லிஃப்ட் போகும்.

அதனால் நேரில் வரும்வரை காத்திருக்கவில்லை. பதினோராம் தேதி காலையிலிருந்து மாத்திரையை நிறுத்திவிட்டேன். அட்டையோடு தூக்கி இவள் கையில் கொடுத்து, “ஒளிச்சு வை, நான் கேட்டாலும் குடுக்காத” என்று சொல்லிவிட்டேன். ஆச்சரியம், மூச்சு இன்னும் மோசமாகவில்லை. உடம்புதான் அடித்துப் போட்டமாதிரி இருக்கிறது. சோறு வாசனை பட்டால் குமட்டுகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. ரொம்ப நாள் நின்ற மோட்டாரை ஓட்டினால் முதலில் கொஞ்சம் உறுமத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் முதல் வாரம் வருகிறோம். இவள் இப்போதே பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்துவிட்டாள். அம்மா விஷயத்தையும் பேச வேண்டும். சத்தம் போடாமல் பேசுகிறேன்.

தம்பி


பிப்ரவரி 19, மதியம் 1.20

தம்பி,

மாத்திரையைப் போடு. இதைப் படித்துக்கொண்டு நிற்காதே, முதலில் போடு. வாந்தியில் வெளியே வந்துவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போ. போனதும், “ஆறு வருஷம் ஸ்டீராய்டு சாப்பிட்டேன், எட்டு நாளா நிறுத்திட்டேன்” என்று சொல். நீ பேச முடியாமல் இருந்தால் இந்தத் தாளை அவர்களிடம் காட்டச் சொல்.

அது சுவிட்ச் இல்லை. திருப்பினால் திரும்பாது. எழுந்திருக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். உன் உடம்பில் இப்போது உன் சொந்தக் கார்டிசாலும் இல்லை, வெளியிலிருந்து வந்ததும் இல்லை.

உன் கடிதம் பதினொன்றரைக்கு வந்தது. உன் போன் எடுக்கவில்லை. உன் மனைவியுடையதும் எடுக்கவில்லை. கம்பெனிக்குப் போட்டேன். அலுவலகத்தில் ஒரு அம்மாள் எடுத்தாள். “சைட்டுக்குப் போயிருக்காரும்மா. நேத்தே முகம் சரியில்ல, லீவு போடுங்க சார்னு சொன்னேன், கேக்கல” என்றாள். உச்சி அறையில் சிக்னல் இருக்காதாம். “இப்பவே ஆள் அனுப்பி அவரைக் கீழ இறக்குங்க, ஏணி ஏற விடாதீங்க” என்று கத்தினேன். ஸ்டீராய்டு விஷயத்தைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். எழுத்துக்கூட்டித் திருப்பிச் சொன்னாள்.

எனக்குப் பஸ் சாயங்காலம்தான். விடிந்துதான் வந்து சேரும். கூரியர் வண்டி இரண்டு மணிக்குக் கிளம்புகிறது. எது முன்னால் வருகிறதோ வரட்டும்.

அக்கா


மார்ச் 12

தம்பி,

இப்போது நீ எழுந்து உட்காருகிறாய், கஞ்சி தங்குகிறது என்று உன் கம்பெனி அம்மாள் போனில் சொன்னாள். உன் வீட்டிலிருந்து எனக்குச் சொல்ல யாரும் இல்லை. அதற்கு நான் வருத்தப்பட முடியாது.

நான் வந்தபோது நீ கண்ணை மூடிக் கிடந்தாய். ஏணியில் ஏழாவது படியிலிருந்து விழுந்தாய் என்றார்கள். வலது இடுப்பெலும்பு முறிந்து, ரத்த அழுத்தம் ஏறவே மாட்டேன் என்று இருந்ததாம். கம்பெனி அம்மாள் எழுதி வைத்த சீட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அவர்களுக்குக் காரணம் தெரிந்தது. உடனே நரம்பில் மருந்து ஏற்றியிருக்கிறார்கள்.

உன் மனைவி நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மடியில் என் பிப்ரவரி மூன்றாம் தேதிக் கடிதம். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

“இதுல எங்க எழுதியிருக்கீங்கக்கா, நிறுத்தக் கூடாதுன்னு? நாலு பக்கம். நானும் நேத்துலேருந்து தேடுறேன்.”

தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் காட்டினாள்.

“மாத்திரையை என் கையிலதான் குடுத்தாரு. அரிசி டப்பாவுக்குப் பின்னால நான்தான் ஒளிச்சு வச்சேன். நாலாம் நாள் திருப்பிக் கேட்டாரு. குடுக்கல நான். கெட்டிக்காரின்னு நெனச்சுக்கிட்டேன்.” அப்புறம் கடிதத்தை நான்காக மடித்துக்கொண்டே, “உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது, நீங்க டாக்டர் இல்லையே. சரி, போங்க. ஒரு லெட்டர் போதும் எங்களுக்கு” என்றாள்.

அவள் விட்ட அந்த வழியில் நான் தப்பித்துப் போய்விட்டேன். தெரிந்திருக்காது என்றாள், ஆமாம் என்பதுபோல் நின்றேன். பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் உறுத்தியது.

எனக்குத் தெரியும், தம்பி. எங்கள் கூடத்தில் விண்ணப்பத் தாளில் ஒரு கட்டம் உண்டு, ‘ஸ்டீராய்டு எடுப்பவரா?’ என்று. அதில் டிக் போட்டு வருகிறவர்களிடம், “டாக்டர் சொல்லாம மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்று நானே சொல்லியிருக்கிறேன். முகம் தெரியாத எத்தனையோ பேரிடம், ஆயிரம் தடவை. உனக்கு எழுதும்போது அந்த வாக்கியம் பேனா முனை வரைக்கும் வந்தது. அதையும் எழுதிவிட்டால் நீ எதற்கு வரப்போகிறாய் என்று நினைத்தேன். தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் பாக்கி இருந்தால் வருவாய் என்று நினைத்தேன். உன்னை வாசலில் பார்க்க வேண்டும் என்பதற்காக அதை எடுத்து ஒளித்து வைத்தேன். நீ உன் தொழில் புத்தியால் மீதியை நீயாகவே நிரப்பிக்கொள்வாய் என்று தோன்றவில்லை.

இதை உன் மனைவிக்குக் காட்டு. மாத்திரையை ஒளித்தது தன் தப்பு என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 10

அக்கா,

கோலூன்றிப் பாத்ரூம் வரைக்கும் போகிறேன். படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்தைப் பார்த்துப் பயப்படாதே.

ஆஸ்பத்திரி டாக்டர் எனக்குக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். காலை எழுந்ததும் இவ்வளவு, மத்தியானம் இவ்வளவு. காய்ச்சல் வந்தால் இரண்டு மடங்கு. வாந்தி எடுத்தால் ஊசி. சட்டைப் பையில் ஒரு அட்டை இருக்கிறது, நான் மயங்கிக் கிடந்தால் எடுத்துப் பார்ப்பவர்களுக்காக. மூச்சிரைப்புக்கு வாயில் வைத்து இழுக்கிற மருந்து. “இதை மொதல்லயே குடுத்திருக்கலாமே டாக்டர்” என்றேன். “நீங்க மொதல்லயே வந்திருக்கலாமே” என்றார். மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வருவார்களாம். உள்ளே இருப்பது எழுந்திருக்க ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், எழாமலும் போகலாம் என்றார். உன்னைப்போல் உதாரணம் எதுவும் சொல்லவில்லை.

இனி எனக்கு ஏணி கிடையாது. கம்பெனியில் நாற்காலி கொடுக்கிறார்கள். லிஃப்ட் நடுவில் நின்று மாட்டிக்கொண்டவர்கள் போன் செய்வார்கள். “பயப்படாதீங்க, ஆள் வந்துட்டிருக்காங்க, கதவை நீங்களா தொறக்காதீங்க” என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். ஆள் போய்ச் சேரும்வரை பேச்சு நிற்கக் கூடாது. அடுத்த மாதம் சேர்கிறேன்.

உன் கடிதத்தை இவளிடம் காட்டினேன். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். வெகு நேரம் கழித்து வந்து, “வர வைக்கணும்னா வான்னு ஒரு வார்த்தை எழுதுனா போதாதா?” என்றாள். அப்புறம் உன்னைப் பற்றிப் பேசவே இல்லை. ஆனால் அன்றைக்கு அவள் தூங்கினாள். விழுந்த நாளிலிருந்து தூங்காதவள்.

பரவாயில்லை என்று எழுதிப் பார்த்தேன். எழுதியதைப் பார்த்தால் பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. மாத்திரை குறையக் குறையக் கோபமும் குறைகிறது. முன்பெல்லாம் டம்ளர் கீழே விழுந்தால்கூட எனக்குக் காதுக்குள் சூடு ஏறும். இப்போது ஏறுவதில்லை. இழுப்பறையை எறிந்தது பெரும்பாலும் மாத்திரைதான், நீ சொன்னது சரி. ஆனால் கோபம் வடிந்த பிறகு கீழே ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று பார்த்தேன். அம்மாவின் கை அப்படியே இருக்கிறது.

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். எதற்காக அவளை அத்தனை தடவை குத்தினாய்? உதாரணம் வேண்டாம். மீதி நேரில் என்றும் எழுதாதே.

தம்பி


ஏப்ரல் 24

தம்பி,

முதல் மூன்று வாரம் டாக்டர் கேட்டதற்காக எடுத்தேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. “இனிமே வேணாம்மா, அவங்களை நிம்மதியா விடுங்க” என்றார். உன்னிடம் அதைச் சொல்லவில்லை.

ஆறு வாரம் நானாகத்தான் எடுத்தேன். எடுத்ததைப் பையில் வைத்து, ராத்திரிப் பஸ்ஸில் எங்கள் கூடத்துக்கு அனுப்பி, மறுநாள் போனில் எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டேன். எல்லா எண்ணும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு தடவையாவது ஒன்று ஏறாதா என்று பார்த்தேன்.

ஆனால் அதுவும் முழு உண்மை இல்லை. கையில் குழாய் இருந்தால் நான் வேலை செய்கிறவள். அது இல்லாவிட்டால் அம்மா சாகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். எனக்கு அப்படி உட்காரத் தெரியவில்லை. நீ உட்கார்ந்தாய். அவள் காலைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தாய். அதைப் பார்க்க எனக்குப் பொறாமையாக இருந்தது. போய் ஊசிப் பையை எடுத்து வந்தேன்.

வேண்டாம் என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. எல்லாத் தடவையும் கேட்டது.

அக்கா


ஜூன் 6

அக்கா,

பதில் போட ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாலைந்து தடவை எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

நேற்று காலை எட்டு மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். அதற்கு முந்தைய நாள் மத்தியானத்துக்குப் பிறகு மாத்திரை போடவில்லை. இன்று சீட்டு வந்தது. கார்டிசால் ஒன்று புள்ளி எட்டு. பத்தாவது இருந்திருக்க வேண்டுமாம். டாக்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, “இன்னும் ஆறு மாசம் பார்ப்போம்” என்றார். அவர் முகத்தில் ஆறு மாதம் தெரியவில்லை. எனக்கு இது ஆயுசுக்கும்தான் என்று நினைக்கிறேன்.

வேலைக்குப் போகிறேன். முந்தாநாள் ஒரு அம்மாள் ஒன்பதாவது மாடிக்கும் பத்தாவது மாடிக்கும் நடுவில் நாற்பது நிமிடம் மாட்டிக்கொண்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. பிறகு அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. போனை மட்டும் இரண்டு பேரும் வைக்கவில்லை. கதவு திறந்ததும், “இருந்ததுக்கு தேங்க்ஸ்ங்க” என்றாள். நான் ஒன்றுமே செய்யவில்லையே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் உன் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்கு வரவில்லை. வரும் என்றும் சொல்ல மாட்டேன். இவள் உன்னோடு பேச மாட்டாள். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நானும் அதிகம் பேசுவேனா என்று தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் எனக்கு மதியம் ஒரு மணியோடு வேலை முடிகிறது. வா. பை எதுவும் எடுத்துக்கொண்டு வராதே.

தம்பி